அண்ணனின் மீன்களை இடம் மாற்றிய கதை

எங்கள் வீட்டு மீன்தொட்டிகளைப் பார்த்து முகத்துவாரக்குப்பத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கத்தானே செய்வார்கள். நைனா மீன் பிடிக்கிறவர். அம்மா மீன் விற்கிறவள். அண்ணன் காசிமேட்டில் லாஞ்சு ஏறி ஆழ்கடலுக்குப் போகிறவன். இப்பேர்ப்பட்ட வீட்டின் முன்னறையில் மூன்று கண்ணாடித் தொட்டி, அதில் கொளத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்க் காசு கொடுத்து வாங்கிய மீன், அதுகளுக்குக் காற்றடிக்க மோட்டார், தின்ன டப்பாத் தீனி. "இன்னாமே, உன் புள்ள மீனுக்குச் சோறு போட்டு வளக்குறானாமே, எப்ப வெட்டப்போற?" என்று மார்க்கெட்டில் அம்மாவைக் கேட்காத நாளில்லை. அவளும் சும்மா விடமாட்டாள். "மொதல்ல உன் நாக்க வெட்டிட்டு அப்பால அத்த வெட்டுறேன்" என்பாள்.

வெளியில் அப்படிப் பேசினாலும் வீட்டுக்குள் அவளுக்கு அந்த மீன்களைக் கண்டாலே ஆகாது. கப்பி, ஏஞ்சல் எல்லாம் கூடப் பரவாயில்லை, சின்னது, அழகாகத் திரிகிறது என்று விட்டுவிடுவாள். பெரிய தொட்டியில் தனியாக இருந்த ஃப்ளவர்ஹார்ன்தான் அவளுக்கு எதிரி. சிவப்பும் மஞ்சளுமாக, ஒன்றரை ஜாண் நீளம், நெற்றியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. "எவன் கிட்டயோ அடி வாங்கி வீங்கிப் போன மூஞ்சிய எதுக்குடா வூட்ல வச்சிக்கினு கீற?" என்று கேட்பாள். அண்ணன் தண்ணீருக்குள் கையை விடுவான். அது வந்து அந்தப் புடைப்பை அவன் உள்ளங்கையில் வைத்து முட்டும். வேறு யார் கையை விட்டாலும் கடிக்கும். நான் ஒரு தரம் கடி வாங்கி, ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன், ஏதோ சுறா கடித்த மாதிரி.

நான் நாலாவது படிக்கும்போது, ஆடிக் காற்றில், பத்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க அண்ணன் ஏறிப் போன லாஞ்சு திரும்பி வரவில்லை. ஆறு பேர். மற்ற லாஞ்சுக்காரர்கள் தேடினார்கள், கப்பல் போய்த் தேடியது, மேலே ஹெலிகாப்டர் சுற்றியதைக் குப்பமே கரையில் நின்று அண்ணாந்து பார்த்தது. ஒரு பலகை, ஒரு கேன், ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு கிடைக்காமல் போனவனுக்கு அவன் உடுத்திய துணியை வைத்து, கரையில் காரியம் செய்து முடிப்பார்கள். செய்யாமல் விட்டால் போனவனுக்கும் நிம்மதியில்லை, இருக்கிறவனுக்கும் நிம்மதியில்லை என்று சொல்வார்கள். மற்ற ஐந்து வீட்டிலும் தை பிறப்பதற்குள் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டார்கள். எதிர் வீட்டு அத்தையின் மகனும் அந்த லாஞ்சில்தான் போனான், அண்ணனோடு ஒண்ணாப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவன். அத்தை கூடச் செய்துவிட்டாள். எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து நைனாவிடம் பேசுவார்கள். நைனா அம்மாவைக் கை காட்டுவார். அம்மா அப்போதுதான் முக்கியமான வேலை வந்தது போல எழுந்து போய்த் தொட்டி விளக்கைப் போடுவாள், தீனி டப்பாவைத் திறப்பாள்.

"அவன் மீனு அத்தினியும் உசுரோட கீது. நீங்க இன்னாத்துக்கு அவனுக்குக் காரியம் பண்ணச் சொல்றீங்கோ?" என்று ஒரு நாள் கேட்டாள். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். 

ஆக, பிடிக்காத மீன்களை அம்மா வளர்க்க ஆரம்பித்தாள். அதற்கு வாத்தியார் நான். அண்ணன் தொட்டி கழுவும்போதெல்லாம் கூடவே நின்று டியூப் பிடித்தவள் என்பதால் ஏதோ எனக்குத் தெரியும். மொத்தத் தண்ணீரையும் மாற்றக் கூடாது, கால்வாசிதான் மாற்ற வேண்டும். லாரித் தண்ணீரை ரெண்டு நாள் குடத்தில் விட்டு வைத்துத்தான் ஊற்ற வேண்டும். தீனி ரெண்டு சிட்டிகைக்கு மேல் கூடாது. ஒன்பது வயசில் பெற்ற தாயை அதிகாரம் செய்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் சொல்வதை அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள், ஒன்றைக்கூட மறக்காமல் செய்தாள். மார்க்கெட்டில் ஆயிரம் பேரோடு மல்லுக்கு நிற்கிறவள், "ரெண்டு சிட்டிகைன்னா, இவ்ளோவா பாப்பா?" என்று விரலை நீட்டிக் காட்டிக் கேட்பாள். நான் கொஞ்சம் கிராக்கி பண்ணித் தலையை ஆட்டுவேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அதற்கு முந்தின வருஷம் மார்கழியில் அண்ணன் ஒரு கண்ணாடிக் கம்பியைத் தொட்டிக்குள் விட்டு கரண்ட் கொடுத்தான். தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டர். ஏன் என்று கேட்டதற்கு, "இதுங்கல்லாம் சூட்டு ஊரு மீனு. நம்ம ஊரு குளிரே தாங்காது, செத்துரும்" என்றான். அவன் இல்லாத மார்கழியில் அந்தக் கம்பியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. கரண்டும் தண்ணீரும் ஒன்றாக இருந்தால் யாருக்குத்தான் பயமில்லை? வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். மீன்கள் பாவம், தாங்கிக்கொண்டன.

சித்திரை பிறந்தபோது தரை பேஜாராகிவிட்டது. கடல் இந்தப் பக்கம், கழிமுகம் அந்தப் பக்கம், நடுவில் வீடு. கீழே எப்போதும் ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு பூக்கும், டைல்ஸ் ஒவ்வொன்றாக எழும்பும். நடந்தால் அடியில் காலியாகச் சத்தம் கேட்கும். தொட்டிகளின் இரும்பு ஸ்டாண்டு நின்ற இடத்தில் நாலைந்து டைல்ஸ் உடைந்து, ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கிவிட்டது. பெரிய தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரிந்தது. அம்மா படுப்பது அதற்குக் கீழேதான். அண்ணன் போனதிலிருந்து அங்கேதான் பாயைப் போடுவாள்.

மீன்பிடித் தடைக்காலம், பெரிய லாஞ்சு எதுவும் போகாது. குப்பத்தில் வலை சரி செய்கிறவர்கள் வலையையும், வீடு சரி செய்கிறவர்கள் வீட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நைனாவும் தரையைப் பெயர்த்துவிட்டு வேறு போடலாம் என்றார். அம்மா மாட்டேன் என்றாள். நாலு நாளைக்கு மட்டும் தொட்டியைப் பின்பக்கம் வைக்கலாம் என்றார். ஒரு நாள் கூட முடியாது என்றாள். அவன் வந்து நிற்கும்போது தொட்டி இடத்தில் இல்லையென்றால் பையன் என்ன நினைப்பான் என்று கேட்டாள். நைனா அதிகம் பேசாத மனுஷர். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சாய்ந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சாஞ்சி வுயுந்து ஒடஞ்சா, அவன் வந்து இன்னாத்த பாப்பான்?" என்றார்.

அம்மாவை மடக்க அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அவளைப் போலவே பேசி அவளை மடக்கினார். அன்றைக்கு நைனாவின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள் விடிந்ததுமே வேலை ஆரம்பித்தது. மீன் தூக்குகிற விஷயம் என்பதால் நான்தான் மேஸ்திரி. தொட்டித் தண்ணீரைக் கொட்டாமல் அதே தண்ணீரைத்தான் புது இடத்தில் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன், டியூப் போட்டு இறக்கினோம். தண்ணீரோடு தொட்டியைத் தூக்க முடியாது, அடிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அதனால் மீன்களுக்கு வேறு பாத்திரம் வேண்டும். எங்கள் வீட்டில் மீன் வைக்கிற பாத்திரத்துக்கா பஞ்சம்? கப்பிகளை அம்மாவின் அலுமினிய அன்னக்கூடையில் விட்டோம். ஏஞ்சல்களை நீல டப்பில் விட்டோம். ஃப்ளவர்ஹார்னை விடுகிற அளவுக்கு ஆழமாக இருந்தது அம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிற தெர்மாகோல் ஐஸ் பெட்டிதான். அதற்குள் அம்மா தினமும் சங்கராவும் வவ்வாலும் அடுக்குவாள். அன்றைக்கு அதைப் பத்துத் தரம் கழுவி, மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்க்கச் சொன்னாள்.

எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சார்ப்பின் கீழ் வரிசையாக வைத்தோம். உள்ளேயிருந்து வயர் இழுத்துக் காற்று மோட்டாரை ஓடவிட்டோம். குமிழி கொப்பளித்தது. அன்று முழுக்க அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. ஸ்டூல் போட்டு அதுகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்த காக்காயை எல்லாம் அசிங்க அசிங்கமாகத் திட்டினாள். ரொம்ப நாள் கழித்து அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தைகளைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே கொத்தனார் டைல்ஸை உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயந்தரத்துக்குள் முன்னறையில் தரை என்ற ஒன்றே இல்லை, கறுப்பு மண்தான் இருந்தது. காலை வைத்தால் குளிர்ந்தது.

இரண்டாம் நாள் கத்திரி வெயில் தன் முழு வேலையைக் காட்டியது. பத்து மணிக்கு ஷீட்டுக்குக் கீழே நிற்க முடியவில்லை, அனலடித்தது. கொத்தனார் சுவரோரம் மிச்சமிருந்த பழைய சிமெண்டை வெட்ட மெஷினைப் போட்டார். படீரென்று ஒரு சத்தம், வீட்டில் மொத்தக் கரண்டும் போய்விட்டது. ஃபியூஸ் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வெளியே கம்பத்திலிருந்து வருகிற இடத்திலேயே ஏதோ எரிந்திருக்கிறது என்றார் கொத்தனார். நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு எர்ணாவூரில் தெரிந்த எலக்ட்ரீசியனைத் தேடிப் போனார்.

குமிழி நின்றது. அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஏஞ்சல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீரின் மேல்பரப்பில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின. கப்பிகளும் அப்படியே. ஃப்ளவர்ஹார்ன் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து, அதுவும் மேலே வந்து வாயைப் பிளந்தது. அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அய்யோ, தண்ணி கொதிக்குது பாப்பா" என்றாள். ஒரு விசிறியை எடுத்து டப்புக்கு மேல் விசிறினாள். மீனுக்கு விசிறுகிறவளைப் பார்த்துக் கொத்தனாரும் சித்தாளும் உள்ளேயிருந்து சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோய், அதைத் தூக்கி எறிந்தாள். கொஞ்ச நேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் முகம் தெளிந்தது.

"ஐஸு" என்றாள்.

இதில் அவளைத் தப்பு சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. இருபது வருஷமாக அவள் செய்கிற தொழில் அது. வெயில் ஏற ஏற மீன் கெடும், ஐஸ் போட்டால் நிற்கும். இதைத்தான் அவள் அம்மாவிடமிருந்து கற்றாள். எத்தனையோ கத்திரி வெயிலில், எத்தனையோ கூடை மீனைச் சாயந்தரம் வரைக்கும் காப்பாற்றி விற்றிருக்கிறாள். மீனுக்கு வெயிலால் ஒரு கஷ்டம் என்றால் மீன்காரிக்குக் கை எங்கே போகும்? உலகத்தில் வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அந்த நேரத்தில் அழுதுகொண்டு நின்றிருப்பாள், அந்த மீன்களும் ஒருவேளை பிழைத்திருக்கும்.

"ஜல்தியா ஓடு பாப்பா. ஐஸ்காரர் கிட்ட ரெண்டு கட்டி வாங்கினு வா. அம்மா கேட்டேன்னு சொல்லு."

ஓடினேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அண்ணன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. தெளிவாகவே வந்தது. குளிரு தாங்காது, செத்துரும். சாக்குக்குள் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது, என் முதுகு விறைத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அம்மா வாசலுக்கே ஓடி வந்து சாக்கை வாங்கினாள். "என் ராசாத்தி" என்றாள். பத்து மாசமாக என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பத்து மாசமாக அவள் கண் என் மேல் விழுந்தால் கூட என்னைத் தாண்டித்தான் எங்கோ போகும். அன்றைக்கு என்னையே பார்த்தாள். அந்த முகத்தில் கொண்டுபோய் ஹீட்டர் கதையை எப்படிச் சொல்வது? மார்கழியில்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு, அவள் உடைத்துக் கொடுத்த ஐஸை நானே என் கையால் டப்பிலும் கூடையிலும் பெட்டியிலும் போட்டேன்.

மேலே வந்து திணறிக்கொண்டிருந்த மீன்கள் சிறிது நேரத்தில் அடங்கின. வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கீழே போய் நின்றன. அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா? இன்னா சொகமா நிக்குதுங்க பாரு" என்றாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். போட்டுவிட்டு எனக்கு ஒரு துண்டு ஐஸைச் சப்பக் கொடுத்தாள், அவளும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். ரெண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஐஸ் சப்பினோம். அந்த ஐந்து நிமிஷம் என் சிறு வயதிலேயே நல்ல ஐந்து நிமிஷம் என்று சொன்னால் நீங்கள் என்னை என்ன நினைப்பீர்களோ, எனக்குத் தெரியாது.

முதலில் கப்பிகள் போயின. பொடிமீன், மேலே வந்து ஒதுங்கின. அம்மா அன்னக்கூடையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஏஞ்சல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அம்மா கையால் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தாள். கையை எடுத்ததும் மறுபடியும் சாய்ந்தன. அவள் ஐஸ் துண்டுகளை அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள், குடத்துத் தண்ணீரை ஊற்றினாள், என்னை ஏதேதோ கேட்டாள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஃப்ளவர்ஹார்ன்தான் கடைசி வரைக்கும் இருந்தது. தெர்மாகோல் பெட்டி சும்மாவா, குளிர் வெளியே போகாமல் காக்கிற பெட்டி. கடைசியில் அந்த மீனும் பக்கவாட்டில் படுத்தது, செவுள் ரெண்டு தரம் விரிந்தது, அப்புறம் விரியவில்லை.

அம்மா அதை ரெண்டு கையாலும் தூக்கினாள். அது கடிக்கவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் கட்டைவிரல் போய் அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தது. தினமும் நூறு மீனுக்கு அப்படிப் பார்க்கிற விரல். உள்ளே நல்ல ரத்தச் சிவப்பாக இருந்தது. கெடாத மீன். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போல. அப்படியே உட்கார்ந்தாள். பத்து மாசமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், லாஞ்சு வரவில்லை என்று சொன்ன அன்றைக்குக் கூட உலையை இறக்கிவிட்டுத்தான் வெளியே வந்தவள், வாயைத் திறந்து கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் குப்பத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு. பெண்கள் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். லாஞ்சு பற்றி ஏதோ சேதி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிர் வீட்டு அத்தை மாரில் அடித்துக்கொண்டே முதலில் வந்தாள். வந்தவர்கள் பார்த்தது ஒரு ஐஸ் பெட்டி, ஒரு டப், ஒரு அன்னக்கூடை, மடியில் செத்த மீனை வைத்துக்கொண்டு அழுகிற மீன்காரி. யாராவது சிரிப்பார்கள் என்று நான் பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் எல்லோருமே உட்கார்ந்தார்கள். கொத்தனார் மெஷினை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுது ஊரைக் கூட்டி எல்லோருக்கும் தெரியப்படுத்திவிட்டாளே! இத்தனை பேருக்குத் தெரிந்தால் அண்ணன் வந்ததும் ஒருத்தராவது போட்டுக் கொடுக்காமல் இருப்பார்களா? குளிர் ஆகாது என்று அவன் சொன்னது என்னிடம்தான், வேறு யாரிடமும் இல்லை. ஐஸ் வாங்கி வந்தது நான், போட்டது நான். அவன் அடிக்கமாட்டான். அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான்.  கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கால் சுடச் சுட நின்று வேண்டினேன். "அம்மா தாயே, அண்ணன் இப்ப வர வேணாம். ரெண்டு நாள் கழிச்சு வரட்டும். நைனா கொளத்தூர் போய் அதே மாதிரி மீனு வாங்கினு வந்துடும். அதுக்கு அப்பால வரட்டும்." மூன்று தரம் சொன்னேன், ஒரு தரம் சொன்னால் சாமி மறந்துவிடும் என்று.

நான் திரும்பியபோது நைனா வந்திருந்தார், கரண்டும் வந்திருந்தது. பிடுங்க மறந்த காற்று மோட்டார் வெறும் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நைனா செத்த மீன்களை ஒரு கூடையில் பொறுக்கினார். கழிமுகத்தில் விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா எழுந்து போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணில போடாத. இதுங்களையாவது மண்ணுல வை" என்றாள்.

நைனா வெளியே போகாமல் கூடையோடு முன்னறைக்குள் போனார். தரைதான் திறந்து கிடந்ததே. பெரிய தொட்டி நின்ற இடத்தில், அம்மா பாய் போடுகிற இடத்தில், கையாலேயே மண்ணைத் தோண்டினார். ஓதம் ஏறிய மண், சுலபமாக வந்தது. ஃப்ளவர்ஹார்னை முதலில் வைத்தார், ஏஞ்சல்களைப் பக்கத்தில் வைத்தார், கப்பிகளை அள்ளி மேலே போட்டார். அம்மா ஒரு கை மண் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். நான் ரொம்ப உற்சாகமாக ரெண்டு கையாலும் அள்ளிப் போட்டு மிதித்துவிட்டேன். நைனா எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்கு ஆச்சரியம். மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் அண்ணனுக்குச் சாகும் வரைக்கும் தெரியாது! ஊர்க்காரர்கள் வாயைத்தான் எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டே அந்தச் சாயந்தரம் கழிந்தது.

மறுநாள் கொத்தனார் வந்து மணலும் ஜல்லியும் கொட்டித் தரையைக் கெட்டிப்படுத்தினார். நாலாம் நாள் வெள்ளை டைல்ஸ் வந்தது. தரை அப்படி ஒரு மட்டமாக அமைந்துவிட்டது, ஒரு கோலிகுண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். சொன்னபடியே தொட்டிகளைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கொளத்தூர் எப்போது என்று கேட்டேன்.  தொட்டிகளில் தண்ணீர் கூட ஊற்றவில்லை. அன்றிரவு அம்மா அங்கே பாய் போடவில்லை, என் பக்கத்தில் வந்து படுத்தாள். வாரம் திரும்புவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். இந்தத் தரம் அவளேதான் ஆள் அனுப்பி வரச் சொன்னாளாம்.

காரியம் கரையில் நடந்தது. அண்ணனின் கட்டம் போட்ட சட்டையையும் கைலியையும் ஒரு வாழையிலையில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் வரவே போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னொன்றும் சேர்ந்தே புரிந்துவிட்டதாக நினைத்தேன். அவன் வருவதாகத்தான் இருந்தது. பத்து மாசமாக அம்மா காத்துக்கொண்டிருந்தாள், வந்துகொண்டிருந்திருப்பான். நான்தான் போய் வர வேணாம் என்று வேண்டிக்கொண்டேன். ரெண்டு நாள்தான் கேட்டேன். சாமிக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

நைனா சட்டையோடு இலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். குனிந்தாள். அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர், ஐஸ், கோயில், மூன்று தரம் வேண்டியது, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விக்கல் வந்துவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா மார்பளவு தண்ணீரில் நின்று இலையை விட்டார். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது, அவர் மறுபடியும் தள்ளிவிட்டார்.

"நானுந்தான் பாப்பா" என்றாள் அம்மா. "மீனு செத்துச்சே, அப்ப நானுந்தான் வேண்டிக்கினேன். இப்ப வந்துடாதடா, இந்த மூஞ்ச வச்சிக்கினு உன்ன எப்டிடா பாப்பேன்னு. நீ மட்டும் சொல்லல."

எனக்கு எப்பேர்ப்பட்ட நிம்மதி! பாவத்தில் பாதி அம்மாவுடையது, எனக்குப் பாதிதான். விக்கல் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, ரெண்டு அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் புதுத் தரையில் குப்புறப் படுத்துத் தூங்கினேன். தூக்கத்தில் என் தலையை யாரோ தடவிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா நிஜமாகவே அப்படி வேண்டினாளா, இல்லை ஒன்பது வயசுப் பிள்ளை தனியாகத் தூக்க முடியாத ஒன்றை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாளா என்று நான் அவளை இதுவரை கேட்டதில்லை. எது உண்மையாக இருந்தாலும், பெற்ற மகனைக் கடலில் விடுகிற நேரத்தில் ஒரு தாய் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அம்மாவும் என்னை மாதிரியே ஒரு தப்புக்காரிதான் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.